ஒரு டாலர் தாள்

தொள்ளாயிரத்துப் பதினேழு டாலர்.
பள்ளிப் பேருந்து ஓட்டி மிஞ்சியது,
வண்டியின் கையுறைப் பெட்டியில்
டயர் ரசீதுகளுக்கு அடியில் கிடந்தது.

ஆற்றின் பெயர் பால். மில்க் ரிவர்.
நிறமோ நேற்றுப் போட்டு மறந்த தேநீர்.
அதன் கரையில் கார்வின் ஸ்டூபியின் கடை:
தூண்டில், மாடு நக்கும் உப்புக்கட்டி,
சுவர் நிறையத் துப்பாக்கிகள்.

"மானுக்கா?" என்றார்.
"இரும்புக்கு" என்றேன்.
ஆயிரம் கஜத்துக்கு அப்பால்
சங்கிலியில் தொங்கும் வெள்ளைத் தகடு.
யாருக்கும் ஒரு தீங்கும் செய்யாதது.
சுட்டாலும் சாகாது, ஒரு சொல் சொல்லும்.
அதைக் கேட்க வேண்டும் எனக்கு.

முதலில் வால்நட் மரக்கட்டை வைத்ததை இறக்கினார்.
தேன் வழிந்து உறைந்தது போல் ரேகை.
விலைச்சீட்டைத் திருப்பினேன்
மருத்துவமனைக் கடிதத்தைப் பிரிப்பது போல.
"தவணை உண்டு" என்றார்.
தவணையில் ஏற்கெனவே என் வீட்டில்
ஒரு கியர்பாக்ஸ் ஓடிக்கொண்டிருக்கிறது, கார்வின்.

அடுத்தது கறுப்பு பிளாஸ்டிக்.
தட்டினால் காலி டப்பாவின் குரல்.
போல்ட்டைத் தூக்கி, இழுத்து, தள்ளி, இறக்கினேன்;
மணல் விழுந்த தடத்தில் கதவு நகர்வது மாதிரி
கரகரத்தது.
விசை மட்டும்
பனியில் ஒடியும் சுள்ளி.
இழுபறி இல்லை, முன்னறிவிப்பு இல்லை.

ஒரு டாலர் தாளை எடுத்தேன்.
குழலுக்கும் கட்டைக்கும் நடுவே நுழைத்து
இரு முனையும் பிடித்துப் பின்னோக்கி இழுத்தேன்.
குழல் எதையும் தொடக் கூடாது.
சுடும்போது அது நடுங்கும்.
நடுங்கவும் ஓர் இடம் வேண்டும், எதற்கும்.

வால்நட்டில் தாள் பாதி வழியில் சிக்கியது.
எந்த மழையையோ குடித்து
ஒரு பக்கமாய் வீங்கியிருந்தது அழகு.
கறுப்பில் அடிவரை போய்
கசங்காமல் திரும்பி வந்தது.

கார்வின் ஒன்றும் சொல்லவில்லை.
மூக்குக் கண்ணாடியைச் சட்டையில் துடைத்தார்,
அழுக்கே இல்லாத கண்ணாடியை.

துப்பாக்கிக்கு நானூற்று எண்பது.
யானையை வாங்கிவிட்டு
அங்குசத்துக்குக் கை பிசைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.
ஸ்கோப்புக்கு முந்நூற்றைம்பது.
தோட்டா இரண்டு பெட்டி, எண்பது.
அதைப் பொருத்தும் வளையங்களை
அவர் கணக்கிலேயே சேர்க்கவில்லை.
வால்நட்டின் வெட்கமாக இருக்கலாம்.

செப்டம்பர். கோதுமை அறுத்த வெளி.
பக்கத்துப் பாயில் ஒரு பல் மருத்துவர்;
அவர் துப்பாக்கியின் விலைக்கு
என் பேருந்தையே கேட்கலாம்.
என் பின்னால் தொலைநோக்கியோடு
ஆர்டிஸ் நூட்ஸன், தானியக் கிடங்கில் எடை போடுபவள்.
"இங்க புல் இடப்பக்கம் சாயுது.
நடுவுல பள்ளத்துல அசையவே இல்ல.
எதை நம்பப் போற?"

பள்ளத்தை நம்பினேன். புழுதி.
புல்லை நம்பினேன். புழுதி.
ஒவ்வொரு தவறும் இரண்டு டாலர்,
ஒவ்வொன்றும் ஒரு காபி.
நாலு, ஐந்து, ஆறு.
பல் மருத்துவரின் தகடு
கோயில் மணி மாதிரி விடாமல் அடித்தது.

ஏழாவது.
தோட்டா போய்ச் சேர ஒன்றரை நொடி,
சத்தம் திரும்பி வர அதற்கும் மேல்.
கிளம்பிவிட்டது, சேரவில்லை;
இனி நான் செய்ய ஒன்றுமில்லை.
மாதத் தவணை, மேலதிகாரியின் குரல்,
எதுவும் எட்டாத
அந்தச் சின்ன நேரத்தை
யாரும் எனக்கு விலை சொல்லி விற்றதில்லை.
ஒன்று. இரண்டு. மூன்று. நாலு.

டிங்.

மெலிதாக, தூரத்து வீட்டில்
யாரோ கரண்டியைக் கீழே போட்டது போல.
ஆர்டிஸ் என் பூட்ஸை உதைத்தாள்.
எட்டு, ஒன்பது, பத்து
மறுபடி புழுதிதான்.

திங்கட்கிழமை ஏழு மணி.
கடைசி நிறுத்தத்தில் யாரும் இல்லை.
கதவு நெம்புகோலில் கையை வைத்தபடி
நாலு எண்ணினேன்.
ஷூ லேஸ் அவிழ்ந்து பறக்க
வேலி மூலையிலிருந்து ஓடி வந்தான்
ஒருவன்.