இரண்டு கிளிக்

வலப்பக்கம் கடைசிவரை முறுக்க வேண்டும்.
நிற்கும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும், அதற்குமேல் பலம் காட்டினால்
உள்ளே குழியில் உட்கார்ந்திருக்கும் ஊசிமுனை கெட்டுப்போகும்.
அங்கிருந்து இடப்பக்கம், எண்ணிக்கொண்டே.
ஒன்று. இரண்டு. மூன்று.
காதில் விழாது.
சல்மாபாத்தில் எதுவும் காதில் விழாது,
பக்கத்துக் கடையில் எந்நேரமும் சைலன்சர் அறுக்கிறார்கள்.
விரல்நுனிக்கு மட்டும் தெரியும்,
யாரோ தூக்கத்தில் நெட்டி முறித்த மாதிரி.

டாக்டர் லுல்வாவின் வண்டி டொயோட்டா எண்பத்தாறு,
பழுக்க இன்னும் ஒரு மாதம் இருக்கும் பேரீச்சையின் மஞ்சள்.
கம்பெனி ஷாக்கைக் கழற்றி எறிந்துவிட்டு
ஜப்பானிலிருந்து வரவழைத்த நாலு
நீலக் குழாய்கள், தலையில் ஆளுக்கொரு திருகு.
முன்னால் பத்து, பின்னால் பதினாலு.
பின்னால் உள்ளதைத் தொட
டிக்கிக்குள் தலைகீழாய்ப் போய் வரவேண்டும்.

"அர்மான், முன்னால் ரெண்டு இறுக்கு.
வளைவில் மூக்கு யோசித்துத் திரும்புகிறது."
(அருமைநாயகம் அந்த வாயில் நுழைவதில்லை.)

ஜூலை. மணி பன்னிரண்டே முக்கால்.
பானட்டைத் தூக்கினேன். அலுமினியம் அடுப்புக்கல்.
திருகின் மேல் விரலை வைத்தேன், எடுத்தேன்,
இந்தப் பக்கமும் அப்படியே.
மூடினேன்.

ஏன் என்று கேட்டால்,
இதே மாதிரி ஒருவருக்கு முன்பு செய்திருக்கிறேன்.
ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து
மாஷா அல்லாஹ், வேற வண்டி என்றார்,
ஐந்து தினார் தந்தார்.

சனிக்கிழமை வந்தாள்.
சத்தமில்லை. பானட்டைத் திறந்து
என் டார்ச்சை வாங்கிக் காட்டினாள்:
திருகின் விளிம்பில் ஒரு சிவப்புப் பொட்டு,
தகட்டில் அதற்கு நேராய் இன்னொன்று.
நகப்பூச்சு.
இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன.

"பொட்டு வைத்தது உனக்காக. எனக்கு முதல் வளைவிலேயே தெரியும்.
பல் அடைக்கும்போது
முடியளவு உயரம் கூடிப்போனால்
நோயாளி எழுந்திருக்கவே மாட்டான்.
உட்கார்."

எங்கே?
"உள்ளே."

ஒன்பது வருடமாய் இந்த ஜாதி வண்டிகளுக்கு
அடியில் படுத்திருக்கிறேன்,
மேலே குனிந்திருக்கிறேன், தள்ளியிருக்கிறேன்.
உட்கார்ந்ததில்லை.
பேன்ட்டில் கிரீஸ், கீழே அட்டை விரிக்கப் போனேன்.
வேண்டாம் என்றாள்.

சித்ரா பாலத்தில் இணைப்புகள்
சரியான இடைவெளியில் வரும்.
முதல் இணைப்பில் முன்பக்கம் இறங்கியது, ஏறியது,
ஏறியபின் இன்னும் ஏதோ பாக்கி,
வாசலைத் தாண்டிய பிறகு
சாவி எடுத்தோமா என்று நின்று பார்ப்பது போல.
இரண்டாவதிலும். மூன்றாவதிலும்.

பாலம் தாண்டி ஓரம் கட்டினாள்.
கடல் தகரமாய்க் கிடந்தது.
நானே இறங்கி நானே முறுக்கினேன்,
இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு.
சிவப்புப் பொட்டுகள் பிரிந்தன.

திரும்பி வரும்போது அதே இணைப்புகள்.
இடுப்பில் கொஞ்சம் பலமாய்த் தட்டியது,
அதோடு சரி. பாக்கி இல்லை.
கண்ணை மூடியிருந்தேன்,
இருந்தும் தெரிந்தது.
அவள் என்னைப் பார்க்கவில்லை,
கியரை மட்டும் ஒன்று குறைத்தாள்.

இரவு கம்பெனி பஸ்.
கேம்ப்புக்கு முன்னால் ஒரு வேகத்தடை,
அங்கே நாற்பது பேரும் ஒன்றாய் எழுந்து
ஒன்றாய் உட்காருவோம், தூக்கம் கலையாமல்.
ஒன்பது வருடத்தில் முதல்முறையாக எண்ணினேன்.
தடை தாண்டியபின்
மூன்று, நாலு,
ஐந்து,
ஆறாவது ஆட்டம் வாசலில்தான் அடங்கியது.

இறங்கி செல்போன் வெளிச்சத்தில் குனிந்தேன்.
பின்சக்கர ஷாக்கில் எண்ணெய் கசிந்து
அதன்மேல் மணல் அப்பியிருந்தது.
திருகு எதுவும் கிடையாது.

டிரைவர் குர்தேவிடம் சொன்னேன்.
ஓடுதுல்ல, என்றார்.