ஏழாவது கையெழுத்து

காலை ஆறரைக்கு
ராயபுரத்தில் எங்கள் கோயில் மணி
இரண்டு முறைதான் அடிக்கும்.
மூன்றாவதுக்குக் கயிறு எங்கோ சிக்கிக்கொள்ளும்.
சரிசெய்யக் கமிட்டி பணம் ஒதுக்கி
இரண்டு ஈஸ்டர் ஆயிற்று.

வருகிறவர்கள் நாலு பேர்.
ஸ்டான்லியில் இரவுப் பணி முடித்து
செருப்பைக் கையில் பிடித்தபடி ஹெப்சிபா.
ரயில்வேயில் ஓய்வு பெற்ற பொன்னுதுரை அண்ணன்;
தூங்கத்தான் வருகிறார் என்பார்கள்.
இல்லை, கண்ணை மூடினால்தான்
அவருக்குக் காது கேட்கும்.
நான்.
அப்புறம் ஆயர்.

மன்றாட்டுப் பட்டியல் வாசிப்பது என் பொறுப்பு.
நாளுக்கு ஒரு திருமண்டலம்,
அதன் பேராயர், குருமார், சபைகள்.
ஊர்ப்பெயர் எதுவும் என் நாக்கில் தடுக்காது.
லிங்கிச் செட்டித் தெருவில்
கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில்
பத்தொன்பது வருடமாய் அவற்றைத்தான் தட்டச்சு செய்கிறேன்.
மொம்பாசா எனக்கு முந்திரிக்கொட்டை.
லைட்டல்டன் ஆட்டுரோமம்.
போர்ட் மோர்ஸ்பி,
திரும்பி வராத ஒரு காலிப் பெட்டியின் பாக்கி.
அங்கெல்லாம் முழங்கால் உள்ள மனிதர்கள்
இருக்கிறார்கள் என்று
இந்தத் தாள் கைக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

ஆறு உறைந்தால்தான் பாதை திறக்கும்
ஏதோ ஒரு வடக்குச் சபை.
கத்திரி வெயிலில், மின்விசிறி நின்றுபோன காலையில்,
தாளில் வியர்வை சொட்ட
அவர்களுடைய பனிக்காக ஜெபித்தேன்.
இன்னொரு தீவில்
கல்லறைத் தோட்டத்தில் பாதியைக்
கடல் எடுத்துக்கொண்டதாம்.
காசிமேட்டில் கல் கொட்டிய கரையில் வளர்ந்தவள் நான்.
அந்தப் பெயரை இரண்டு தரம் வாசித்தேன்.

எங்கள் முறை வரும் நாளில்
அங்கே யாராவது சென்னையைக்
கடித்துத்தான் உச்சரிப்பார்கள்.
பரவாயில்லை.
முகவரி தப்பாக இருந்தாலும்
சில சரக்கு வந்து சேர்ந்துவிடுகிறது.

தாளின் கடைசி வரி மட்டும் மாறாது.
வெறும் கோடு.
அந்தந்தச் சபை
தன் குருவின் பெயரைச் சொல்லிக்கொள்ள.

லெந்து நாட்களில்,
முன்மதிலை இடித்து ஒன்பது கடை கட்டலாம் என்று
தீர்மானம் கொண்டுவந்தார் ஆயர் தேவசித்தம்.
கூடாது என்று பேராயருக்குப் போன மனுவில்
ஏழாவது கையெழுத்து என்னுடையது.
மதிலைப் பற்றி ஒரு பத்தி.
அவரைப் பற்றி மூன்று.
நாலையும் அடித்துக் கொடுத்தவளும் நான்தான்,
மதிய இடைவேளையில்,
ஒரு பிழைகூட இல்லாமல்.

அன்றிலிருந்து அந்தக் கோட்டில்
'எங்கள் ஆயருக்காகவும்' என்று பொதுவாய்ச் சொல்லி
தாளை மடித்துவிடுவேன்.
பெயர் இல்லாத பெட்டி கஸ்டம்ஸைத் தாண்டாது.
எனக்குத் தெரியாததா?

இன்றைக்கு வந்த பட்டியலில்
எங்கோ மலைச்சரிவில் ஒரு சபை.
'குருவானவருக்கும் சபையாருக்கும் நடுவே
சமாதானம் உண்டாக' என்றிருந்தது.
என்ன சண்டை என்று எழுதவில்லை.
வெகு உருக்கமாக வாசித்தேன்.
ஹெப்சிபா காலை மாற்றி ஊன்றினாள்.
பொன்னுதுரை அண்ணன் கண்ணைத் திறந்தார்.

அப்புறம் கோடு.

முன்னால் வெறுந்தரையில் முழங்காலிட்டிருந்தார்.
குதிகால் இரண்டிலும் வெடிப்பு.
அங்கியில், பிடரிக்குக் கீழே,
பொத்தான் போன இடத்தில் ஒரு ஊக்கு.
அம்மா மகள் பிரசவத்துக்கு
நாசரேத் போய் மாதம் ஒன்றாகிறது.
ஊக்கைத் தானே கை வளைத்துக் குத்தியிருக்கிறார்,
கோணலாய்.

'தேவசித்தம் ஐயாவுக்காக' என்றேன்.

கடைகள் எனக்கு இன்னும் வேண்டாம்தான்.
மனுவை யாரும் திரும்ப வாங்கவில்லை.
அந்த மூன்று பத்தியில் ஒன்று
உண்மையும்கூட.

மூன்று ஆமென் ஒன்றாக விழுந்தது.
நாலாவது கொஞ்சம் பிந்தி,
தரையைப் பார்த்தபடி.

வெளியே துறைமுக லாரி வரிசை
ஒரு வண்டி நீளம் நகர்ந்து
மறுபடி நின்றது.