வாடகை மைக்

களுவாஞ்சிகுடி அம்மனுக்கு நான்தான் மைக் கட்டுவது.
பெரியகல்லாற்று மாதாவுக்கும்,
தகரக் கொட்டிலில் கூடுகிற சபைக்கும்,
கலியாணத்துக்கும், செத்தவீட்டுக்கும்.
ஒருதரம் மீன் ஏலத்துக்கும்.
இருபத்திரண்டு வருசமாய்
இந்தக் கரையில் கடவுளுக்குச் சொன்னதில் பாதி
என் வயருக்குள்ளால் போனது.

ஹோணுக்கு வாய் மட்டும்தான்,
காது வைத்து எந்தக் கொம்பனியும் செய்யவில்லை
என்று பகிடியாய்ச் சொல்லித் திரிந்தேன்,
தை மாதம் வரைக்கும்.

தையில் வெள்ளம் வடிந்தது.
வளவு மூலையில் ஒரு சிரட்டை,
அரைச் சிரட்டை மழைத்தண்ணி.
கவிழ்க்காமல் விட்டது நான்.

யதுர்ஷிக்கு ஒன்பது வயது.
மட்டக்களப்பு ஆஸ்பத்திரி, பிள்ளைகள் வாட்டு,
கட்டில் காலில் தொங்கிய தாளில்
தொண்ணூறாயிரம்,
நாற்பத்தோராயிரம்,
பதினெட்டு.
ஏலமென்றால் ஏறவேண்டும்.
இது இறங்குகிற ஏலம்.

மனிசி அம்மனுக்கு நேர்ந்தாள்.
பாஸ்டர் வந்து தலையில் கை வைத்தார்.
பாதர் எண்ணெய் பூசினார்.
பக்கத்துக் கட்டில் உம்மா
ஓதின தண்ணியில் பாதியை எங்களுக்கு ஊற்றித் தந்தார்.
ஒருவரையும் நாங்கள் விடவில்லை.

"நுளம்ப ஆரப்பா படைச்ச?"
"கடவுள்."
"என்னத்துக்கு?"
"தவளைக்குத் தீன்."
சரி என்று திரும்பிப் படுத்தாள்.
அவளுக்கு அது போதுமாயிருந்தது.

கடைசித் தாளில் ஏழு.

அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு மைக் கட்ட ஆளில்லை.
மருதமுனை முனவ்வர் வந்தான்,
என்னைவிட ஐந்நூறு குறைத்துக் கேட்டு
என் பிழைப்பில் மண்போடுகிறவன்.
பெட்டிகளை லொறியில் இருந்து இறக்கினான்.
கடப்படியில் நின்று என் முகத்தைப் பார்த்தான்.
திரும்ப ஏற்றினான்.
பிறகு விடியும்வரை
கிடாரத்தடியில் நின்று தேத்தண்ணி ஆற்றினான்.

"அந்தக் கைதான் கடவுளின் கை" என்றார் பாதர்.
இருக்கும், பாதர்.
அப்போ நுளம்பின் ஊசி?
தேத்தண்ணியை அவர் பேரிலும்
சிரட்டையை என் பேரிலும் எழுதுகிற
இந்தக் கொப்பியை யார் தொடக்கியது?
பாதர் மேசைவிரிப்பின் மடிப்பைத் தடவிக்கொண்டிருந்தார்.
அவரில் எனக்குக் கோபமில்லை.
மற்றவர்களிடம் பதில் இருந்தது:
முன்வினை. சோதனை.
பொன்னைப் புடம்போடுகிறார்.
நல்ல பிள்ளைகளை வேளைக்கே எடுத்துவிடுவாராம்.
ஒன்பது வயதுப் பொன்னில்
எந்த அழுக்கை எரிக்க, ஐயா?

வைகாசியில் கோயில் கதவு திறந்தது.
மனிசி வேண்டாமென்றாள். நான் போனேன்.
சம்பளத்துக்கு என்று சொன்னேன்.
குளிர்த்தி இரவு,
தென்னையில் ஏறி ஹோணைக் கட்டும்போது
கீழே பானைபானையாய்த் தண்ணீர் போனது, வேப்பிலை போனது.
அவளும் ஒருநாள் ஏனென்று கேட்டவள்.
சரியான பதில் கிடையாமல் எரிந்தவள்.
இந்த ஊர் அவளுக்கு விளக்கம் சொல்லப் போகவில்லை.
சூட்டைத் தணிக்கத் தண்ணியோடு போனது,
இன்னும் போகிறது, வருசா வருசம்.
கேட்டவளைத்தான் கும்பிடுகிறோம்.
மரத்தில் இருந்தபடியே இதை யோசித்தேன்.
யோசித்து ஒன்றும் ஆகவில்லை.
கால் நோவெடுத்தது, இறங்கினேன்.

சடங்கு தொடங்க நேரமிருந்தது.
மைக்கைத் தட்டி
ஹலோ என்றேன்.
அடுத்தது "செக்" என்று வரவேண்டும்,
வரவில்லை.
குரல் வாவிக்கு மேலால் போய்
மண்டூர்ப் பக்கம் எங்கேயோ இடித்து
கொஞ்சம் பிந்தித் திரும்பிவந்தது:
ஹலோ.

எதிரொலியைத் தெரியாதவனா நான்,
தொழிலே இதுதான்.
என்றாலும் சத்தத்தைக் குறைத்துவிட்டு
இருட்டுக்குள் அந்தப் பக்கம்
கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒரு பெடியன் ஓடிவந்தான்.
"அண்ணன், பொம்புளையள் பக்கம்
ஒண்டுமே கேக்குதில்லையாம்."

வயர்ச்சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு
போனேன்.