இருநூற்றுப் பதின்மூன்றாவது பிரதி

பூம்பாறை வேலப்பன்
ஒரு போகத்துப் பூண்டை விற்று
முதல் தொகுப்பை அச்சிட்டான்.
முந்நூறு பிரதிகள்
காலிச் சாக்குகளோடு
திண்டுக்கல்லிலிருந்து லாரியில் ஏறி வந்தன.
நாற்பதாம் பக்கத்தில்
'மழை இறங்கி வந்தது' என்று எழுதியிருந்தான்.
'மலை இறங்கி வந்தது' என்று அச்சாகியிருந்தது.

போனில் அச்சகத்துக்காரர் சிரித்தார்:
"ஒரு எழுத்துதானே தம்பி."

உரக்கடை மாடியில் உட்கார்ந்து
கறுப்பு மையில் ஒவ்வொன்றாய்த் திருத்தினான்.
இருநூற்றுப் பன்னிரண்டு முடித்த இரவு
மலை இறங்கியது.
ஏழாவது வளைவில் சாலை போனது.
பூண்டு லாரி போனது.
கிளீனர் பையன் முத்துராக்கு.

பேனாவை மூடிவைத்தான்.

பிறகு 'ஏழாவது வளைவு' என்று பெயர்வைத்து
பதினொரு பேரின் கவிதைகளைப் போட்டான்.
நூலக ஆணை ஒருமுறை வந்தது,
பணம் மூன்று வருடம் கழித்து.
மதுரை வாசகர் ஒருவர் கார்டு போட்டார்:
கவிதைகள் பரவாயில்லை,
புத்தகத்தில் பூண்டு வாசம் போகமாட்டேன் என்கிறது.
அதை மட்டும் சட்டமிட்டு மாட்டினான்.

உன் இரண்டாம் தொகுப்பு எங்கே என்றால்
கடைசிவரை ஒரே பதில்:
"மெய்ப்பு பாத்துக்கிட்டிருக்கேன்."

நாற்பதாம் பக்கத்தைத் திறக்கிறேன்.
என் பிரதியில்
லை
லையாகவே இருக்கிறது.