தனிப் பக்கம்

ராயக்கோட்டை ரோட்டுப் பட்டறையில்
கறுப்புக் கல்லில் எழுத்து வெட்டுகிறேன்.
எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்து.
ஐரோப்பாவில் ஏதோ ஒரு துக்கடா நாட்டுக்குப் போகிற கல்.
நம் மாவட்டத்துக்குள் அந்த நாட்டு ஜனத்தை இறக்கினால்
அஞ்செட்டிப் பக்கம் இடம் மிச்சமிருக்குமாம்.
முதல் வரி 'விடுதலை' என்றார் சூப்பர்வைசர்,
கீழே இருப்பதெல்லாம் பெயர்கள்.
முப்பத்தொரு பெயர்.
விடுதலைக்கு மட்டும் ஓர் அங்குலம் பெரிய எழுத்து.
கூலி எழுத்துக்கு ஐந்து ரூபாய்,
பெரிதுக்கும் அதே.

அன்று ராத்திரி பள்ளிக்கூட வராந்தாவில் கூட்டம்.
கேழ்வரகு பால் பிடித்துவிட்டது.
பன்னேர்கட்டாவிலிருந்து கிளம்பிவிட்டன என்று
வாட்ஸப்பில் வாட்சரின் குரல்:
நாற்பத்துச் சொச்சம், குட்டி ஆறு.

தொட்டூர் முந்நூற்றுப் பத்து வீடு.
சிக்கனூர் பத்தொன்பது.
தேர் எங்கள் தெருவுக்குத் திரும்பாத வருஷம் வரை
ஒரே ஊர்தான்.
அப்புறம் பெயர்ப்பலகை எழுதி நாங்களே நட்டோம்.
மூன்று தடவை பிடுங்கினார்கள்.
நாலாவதைக் கல்லில் வெட்டி இறக்கினேன்,
இனி ஜேசிபி கொண்டுவரட்டும்.

சிக்க என்றால் கன்னடத்தில் சின்ன.
தமிழ்க் காதுக்குக் கஞ்சத்தனம்.
அன்றைக்குத் தமிழ்க் காதாகத்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

"சோலார் வேலி நாலு லட்சத்து அறுபது.
சிக்கனூரான் சிக்கனம் பிடிச்சா
கம்பி உன் வரப்போட நின்னுடும்" என்றார்
ரோஜாக் குடில் பசவராஜப்பா.
"காட்டோரம் நீங்க. காவல் உங்களுக்கு.
காசு மட்டும் எங்களுதா?"

திம்மக்கா எழுந்தாள். முக்கால் ஏக்கர்க்காரி.
"ஆனை மொதல்ல எங்க கொல்லைக்குத்தான் வருது.
நாங்க போடுற கூச்சல்லதான்
நீங்க எழுந்து லைட்டு போடுறீங்க.
அந்தக் கூச்சலுக்கு என்னா வெலைன்னு
உங்க கணக்குல காணோமே."

பசவராஜப்பா செல்போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
வீட்டுக்கு இவ்வளவா, ஏக்கருக்கு இவ்வளவா என்று
பதினோரு மணி வரை ஓடியது.
டீ இரண்டு தடவை வந்தது,
இரண்டாவதில் சர்க்கரை இல்லை.

சென்றாயன் அதுவரை வாயே திறக்கவில்லை.
"வீட்டுக்கு ஆயிரத்து நானூறு கேக்கறீங்க.
ஆயிரத்து ஐந்நூறு தர்றோம்.
ஆனா தொட்டூர்னு போட்டு
அதுக்குக் கீழ எங்கள எழுதப்படாது.
நோட்டுல தனிப் பக்கம். தனி ரசீது."

கூடுதல் நூறு ரூபாய்.
மனதுக்குள் வெட்டிப் பார்த்தேன், இருபது எழுத்து.
திரும்பி வரும்போது கேட்டேன்,
பயந்தவன்தானே கூடக் கொடுப்பான்?
"பயமில்லன்னு எவன் சொன்னான்" என்று
டார்ச்சைப் புதர்ப் பக்கம் அடித்துக்கொண்டே நடந்தான்.

பக்கம் கிடைத்தது.
சிக்கனூர், வீடு பத்தொன்பது,
இருபத்தெட்டாயிரத்து ஐந்நூறு.
அந்தத் தலைப்பை எழுதினது நான்தான்,
கொஞ்சம் பெரிதாகவே.
பேட்டரிப் பெட்டியும் அதன் சாவியும்
தொட்டூர் சொசைட்டிக் கட்டடத்தில்.
அதைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை,
அல்லது தோன்றியும் கேட்கவில்லை.

கல்லை வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடைத்து
சென்னைத் துறைமுகத்துக்கு ஏற்றிவிட்டார்கள்.
அந்த நாட்டின் சாவி எந்த ஊரில் இருக்கிறதென்று
சூப்பர்வைசருக்கும் தெரியவில்லை.
சிரித்தார்.

ஏழாம் ராத்திரி.
வினாடிக்கொரு தரம் டிக், டிக் என்றிருந்த கம்பி
நின்றது.
காய்ந்த மரமொன்றைத் தள்ளிக் கம்பிமேல் சாய்த்து
அவசரமில்லாமல் காத்திருந்தன அவை.
பத்தொன்பது வீடும் தகரம் தட்டினோம்.
திம்மக்காவின் கூச்சல் எல்லாவற்றுக்கும் மேலே.
நான் தொட்டூர்ப் பக்கம் திரும்பி நின்று
விளக்குகளை எண்ணத் தொடங்கினேன்.
ஒன்று.
அப்புறம் ரொம்ப நேரம் கழித்து
இரண்டு.