தாமதமாகச் சிரித்தவள்

லீட்ஸ் நகரம். எழுபத்து மூன்றின் ஈர இலையுதிர்காலம்.
இரண்டாம் ஸ்டூடியோவில் அட்டையால் ஒரு தெரு கட்டினார்கள்:
மெழுகுவர்த்திக் கடை, வாடகை வசூலிப்பவரின் மேசை,
வைக்கோல் திணித்த ஒரு செத்த வாத்து.
கதவின் மேல் ஆண்டு: 1752.
பெயின்ட் காயும் முன் சாய்ந்துவிட்ட ஒப்பனைக்காரி ஈனிட்
கடைசி இரண்டை முதுகில் சுமந்தபடி
நாளெல்லாம் திரிந்தாள்.

நான் ஒலிப்பதிவாளன்.
நகைச்சுவையோடு எனக்கு வேலையில்லை,
அது விழுந்த இடத்தில் எழும் சத்தத்தோடுதான்.
கூரையிலிருந்து நான்கு மைக்குகள்,
பேருந்தில் வந்திறங்கிய இருநூறு பேர்,
நனைந்த கோட்டுகளின் நாய் வாசனை.

கதை இவ்வளவுதான்.
அரசாங்கம் நாட்காட்டியைத் திருத்தப் போகிறது.
செப்டம்பர் இரண்டு, புதன்கிழமை, படுக்க வேண்டும்;
விழித்தால் வியாழன், பதினான்கு.
நடுவில் பதினோரு நாளை யாரும் வாழப் போவதில்லை.
வசூல்காரர் ஜேபஸ் க்ரௌதர் மட்டும்
முழு மாத வாடகைக்குப் பேனாவைக் கூர் தீட்டுகிறார்.

எழுதியவன் டென்னிஸ் ஹெப்வொர்த்,
பகலில் வரி அலுவலகக் குமாஸ்தா.
வசனமெல்லாம் படிவங்களின் பின்பக்கத்தில்.
திருப்பினால் யாரோ ஒருவரின் கோழிப்பண்ணை நஷ்டம்.

ஆறு வாரம் ஓடியது.
தேநீர் வண்டியருகே மேலாளர் சொன்னார்:
“விக் வைத்த ஆட்களைப் பார்த்து
இந்த நாட்டில் யாரும் சிரிக்க மாட்டார்கள்.”
அவர் தலையில் இருந்ததும் விக்தான்.
யாரும் சிரிக்கவில்லை.

ஏழாம் பகுதி பதிவாகி, டப்பாவில் இருந்தது.
அதில்தான் அந்த நாட்கள் தொலைகின்றன.
நாடா அன்று நடிகனைவிட விலை அதிகம்;
அழித்து, அதன்மேல் டார்ட்ஸ் போட்டியைப் பதிந்தார்கள்.
டென்னிஸ் படிவங்களுக்குத் திரும்பினான்,
முன்பக்கத்துக்கு.

சிரிப்பு நாடா மட்டும் என்னிடம் தங்கியது,
பிஸ்கட் டின்னில்.
பிறகு வந்த டாக்டர் நாடகத்துக்கு, பாதிரியார் நாடகத்துக்கு,
படுமோசமான பஸ் கண்டக்டர் நாடகத்துக்கு
அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளிப் போட்டேன்.
அதற்குள் ஒருத்தி இருந்தாள்.
மூன்றாம் வரிசை, இடது மைக்.
எல்லோரும் அடங்கி இரண்டு நொடி கழித்து
படிக்கட்டில் உருளும் பாத்திர மூடிபோல.
வெட்டியெடுக்க முடியவில்லை.
வெட்ட மனமில்லை என்பது இன்னும் சரி.
ஏழாம் பகுதியின் கடைசி வசனத்துக்குப் பின் மட்டும்
அவள் இல்லை. நூறு முறை கேட்டிருக்கிறேன்.
இரண்டு நொடி. மூன்று. நாற்காலிகள் நகரும் சத்தம்.

எண்பத்தெட்டில், மோர்லியில், மீன் வறுவல் கடை வரிசை.
கடைக்காரர் வினிகரைப் பற்றி ஏதோ சொன்னார்.
எல்லோரும் சிரித்தார்கள்,
ஓய்ந்தார்கள்,
மூடி உருண்டது.

ஹில்டா பிக்கர்ஸ்கில். முப்பது வருடம் நெசவாலை.
தறிகள் காதைத் தின்றுவிட்டன;
உதட்டைப் பார்த்துத்தான் உலகம்.
நடிகன் முதுகைக் காட்டினால்
தங்கை வைலட் ஓசையில்லாமல் வசனத்தைத் திருப்பிச் சொல்வாள்,
அதற்குத்தான் அந்த இரண்டு நொடி.
“கடைசி நாள் அவளுக்கு ஒரே இருமல், பாதியில் வெளியே போய்விட்டாள்.
முடிவில் அந்த ஆள் கதவைப் பார்த்து என்னவோ சொன்னான்.
டிவியில் வரும்போது வைலட் சொல்வாள் என்றிருந்தேன்.
டார்ட்ஸ் போட்டார்கள்.”
பிறகு கொஞ்சம் கோபமாக:
“வாத்து என்ன ஆயிற்று?”

வாத்தைப் பற்றி எனக்குத் தெரியாது.
கடைசி வசனம் தெரியும்.
எண்ணெய்ப் புகைக்கு நடுவே, தொண்டையைத் திறக்காமல்,
உதட்டால் மட்டும் சொன்னேன்.

மெழுகுவர்த்திக்காரி டாபித்தா கேட்கிறாள்:
‘என் பிறந்தநாள் ஏழாம் தேதி. அது வரவே இல்லை.
இப்போது எனக்கு என்ன வயது?’
ஜேபஸ் கதவைப் பார்த்துத் திரும்பி:
‘வாடகை கொடுக்கிற வயது.’

ஒன்று. இரண்டு.
“அவ்வளவுதானா?” என்றாள் ஹில்டா.
பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள்.
சில்லறையை எண்ணினாள், இரண்டு முறை.
கதவு மணி அடித்தது. வெளியே மழை.

என் முறை வந்து, உப்பு வேண்டுமா என்று
கடைக்காரர் கேட்டுக்கொண்டிருந்தபோது
தெருவின் எங்கோ ஒரு மூலையில்
மூடி உருளத் தொடங்கியது.