மூன்றாவது திரை

தார்த்துவில் நவம்பர் வந்தால்
நாலு மணிக்கே இருட்டு.
ஆற்றோர மொட்டைத் தளத்தில் மூன்று ஹீட்டர்கள்
ஒற்றைக்காலில் நிற்கின்றன.
வந்ததும் எனக்கு முதல் வேலை
ஒரு கிண்ணம் சோப்புத் தண்ணீர்,
முடி உதிர்ந்த ஒரு பெயின்ட் பிரஷ்.
சிலிண்டரும் குழாயும் கைகோக்கும் இடத்தில்
தடவிவிட்டுக் குந்தியிருப்பேன்.
குமிழி வந்தால் இன்றைக்கு நெருப்பில்லை.
வராவிட்டால் குமிழை அழுத்திப் பிடித்து
முப்பது வரை எண்ண வேண்டும்.

ஐர்மா இருபதிலேயே கையை எடுத்துவிடுவாள்.
நெருப்பு கோபித்துக்கொண்டு போய்விடும்.
பொறு, வெளியே வந்த வாயு கலையட்டும்,
ஐந்து நிமிஷம், என்பேன்.
போன வருஷம் என் புருவம் இரண்டு வாரம்
எங்கே போயிருந்ததென்று அவளுக்குத் தெரியும்.
பொறுப்பாள்.

எட்டாம் மேசை உட்கார்ந்ததும் கேட்கிறது:
அந்தத் திரையையும் இறக்கிவிடுங்களேன்?

ஒரு பக்கம் சுவர்.
இரண்டு பக்கம் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக்.
ஆற்றைப் பார்த்த பக்கம் வெறுமை.
இந்தச் சூடு காற்றைச் சுடுவதில்லை, அம்மா.
வெயில் மாதிரி.
நேரே வந்து உங்கள் தோளில் உட்காரும்.
திரையை மூடினால்
அது கொஞ்சம்தான் கூடும்,
மற்றது நிறையக் கூடும்.

மற்றது என்றால்?

கம்பளி கொண்டுவருகிறேன், என்று நகர்ந்துவிடுவேன்.
விருந்துக்கு வந்தவரிடம் சொல்கிற கதையா அது.

போன மார்ச்சில் மூன்றாவது திரையும் இறங்கியது.
ஹெய்கி முதலாளி, இறக்கு என்றார்.
இறக்கிய கை என்னுடையது.
இருபத்திரண்டு பேர்.
மைமு என்ற மருத்துவச்சிக்கு
வேலையிலிருந்து விடைகொடுக்கும் விருந்து.
பிளாஸ்டிக் உள்பக்கமாக வியர்த்து வழிந்தது.
கன்னங்கள் சிவந்து எல்லோரும் அழகாக இருந்தார்கள்.
ஒருவருக்கு லேசாகத் தலைவலி.
ஒயின், என்றார் பக்கத்திலிருந்தவர்.
கொட்டாவி
மேசையைச் சுற்றி ஒரு தட்டு போலக் கைமாறியது.
அதற்கும் சிரித்தோம்.

விற்கிற வாயுவுக்கு நாற்றம் சேர்த்து விற்கிறார்கள்.
மூச்சுத்திணறி எரியும் நெருப்பு
விட்டுச்செல்வதற்கு
யாரும் எதையும் சேர்ப்பதில்லை.

மேசைக்கடியில் மைமுவின் நாய் மூரி எழுந்தது.
எழப் பார்த்தது.
பின்னங்கால் இரண்டும்
வேறு யாருடையதோ போல.

இது ஒயின் குடிக்கவில்லையே,
என்றாள் மைமு.

அப்புறம் நடந்ததெல்லாம் சத்தம்.
கேக் வெட்டிய கத்தியாலேயே
திரையின் கயிறுகளை அறுத்தாள்.
சிலிண்டரை மூடு, வெளியே, வெளியே,
கோட்டு கிடக்கட்டும்.
முப்பத்தெட்டு வருஷம் பிள்ளைகளை
உலகத்துக்கு இழுத்துவந்த குரல்
எங்களையும் இழுத்துவந்து பனியில் போட்டது.
நாலு பேர் ஆம்புலன்சில் போனார்கள்.
மறுநாளே திரும்பினார்கள்.
மூரி பனியில் கிடந்து
வெகுநேரம் கழித்துத் தும்மியது.
ஹெய்கி அழுதார். நான் அழவில்லை.
என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அந்தப் பக்கத்தில் கொக்கியே கிடையாது.
கழற்றிய வளையங்கள் பதினாறும்
கல்லாப்பெட்டியில், சில்லறைக்குக் கீழே.
சுவரில் ஒரு சின்ன அலாரம், அதற்கு ஒரு பச்சைக் கண்.
அதை நம்பித் திரை போடலாமே என்று
இந்த வாரமும் ஹெய்கி ஆரம்பித்தார்.
கல்லாவைத் திறந்து காட்டினேன்.

இரவு மூடும்போது சிலிண்டரைத்தான் முதலில்.
குழாயில் மிஞ்சியதைத் தின்றுவிட்டு
நெருப்பு நீலமாகச் சுருங்கி அணையும்.
சூடிழக்கும் இரும்பு டிக், டிக் என்கிறது.
கை வைக்க முடிகிறவரை
உறை போடக் கூடாது.
அதுவரை நானும் ஐர்மாவும்
மிச்ச ரொட்டியைத் தின்கிறோம்.

புதன்கிழமைகளில் மைமு வருகிறாள்.
எங்கே வேண்டுமானாலும் உட்காருகிறாள்.
மூரிதான்
மேசைக்கடியில் போவதில்லை.
ஆற்றுக்காற்று வரும் பக்கம்
மூக்கை நீட்டிப் படுத்துக்கொள்கிறது,
முதுகில் ஹீட்டரின் சிவப்பு.